உரக் கணக்கும் நம் வகுப்பறையும்

(ஏற்காட்டில் நடைபெற்ற அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மலையில் பல வீடுகளில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் நம் பிள்ளைகள்தான். மண்வள அட்டை வந்தாலும், கைப்பேசியில் உரப் பரிந்துரை வந்தாலும், "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு கண்ணு" என்று பெற்றோர் நீட்டுவது நம் ஏழாம் வகுப்பு மாணவியிடம். எண்ணை அவள் படித்துவிடுவாள். "அது எப்படி வந்தது? நம்பிப் போடலாமா?" என்று அப்பா கேட்டால் என்ன சொல்வாள்? அந்தப் பதிலுக்கு அவளைத் தயார் செய்வது எப்படி என்பதையே இன்று பேச வந்திருக்கிறேன்.

மூட்டையிலிருந்து தொடங்குவோம். பாடநூலில் நைட்ரஜன் என்கிறோம். தோட்டத்தில் அதன் பெயர் தழைச்சத்து. யூரியாவில் அது 46 விழுக்காடு. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அப்படியானால் மூட்டைக்குள் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ. விழுக்காட்டுப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேண்டுமா?

யூரியா மானிய விலையில் கிடைப்பதால், 'இன்னும் ஒரு பிடி போட்டால் என்ன?' என்று தோன்றுவது இயல்பு. போட்டதெல்லாம் பயிருக்குப் போவதில்லை. ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக மழைநீரோடு இறங்குகிறது. சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயன் மலையில் பிறப்பவை. இங்கே மேட்டில் போடுவது கீழே ஊற்றுக்கும் ஓடைக்கும் போகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, எவ்வளவு போடுவது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி உருவானது. 1967-இல் ராமமூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் 'மகசூல் இலக்கு' முறையை வகுத்தார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் அது பல மாநிலங்களுக்குப் பரவியது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த முறையில் பல பயிர்களுக்குச் சமன்பாடுகளைக் கண்டு, உரப் பரிந்துரை தரும் கணினி மென்பொருளையும் உருவாக்கியது.

அதன் உள்ளே இருப்பது ஒரு கழித்தல் கணக்குதான். இலக்கு மகசூலுக்குப் பயிர் கேட்பது எவ்வளவு? அதில் மண் தருவதையும் தொழுவுரம் தருவதையும் கழியுங்கள். மீதிதான் உரமாக இட வேண்டியது. கரும்பலகைக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். தேவை 120 கிலோ, மண் தருவது 50, தொழுவுரம் தருவது 20. மீதி 50 கிலோ தழைச்சத்து. யூரியாவாக ஏறத்தாழ 109 கிலோ. இப்போது மண் தருவதை 50 என்பதற்குப் பதில் 30 என்று தவறாகக் கொடுத்துப் பாருங்கள். யூரியா 152 கிலோ ஆகிவிடும். ஏறத்தாழ ஒரு மூட்டை வீண்! கணினி கணக்கில் பிழை செய்யவில்லை. நாம் கொடுத்த எண் பிழை. இதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, அட்டையைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்க அவர்களைப் பழக்குவோம்.

முதல் கேள்வி: மண் எங்கே எடுத்தது? 2015-இல் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியபோது, மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அளவு. சமவெளியில் அது ஓரளவு பொருந்தலாம். நம் மலையில் 10 ஹெக்டேருக்குள் மேடும் சரிவும் பள்ளமும் வந்துவிடும். மூன்றுக்கும் ஒரே எண் எப்படிச் சரியாகும்?

இரண்டாவது: எந்தப் பயிருக்கு, எந்த மண்ணில் சோதித்த கணக்கு? சமவெளி நெல்லுக்கான சமன்பாடு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து காப்பிக்குப் பொருந்தாது. காப்பிக்கு மேலே நிழல் மரம் நிற்கிறது. அதன் சருகு மட்கிச் சத்தாகிறது. நிழல் மரம் கல்யாண முருங்கையானால் வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனையே பிடித்துத் தருகின்றன. அட்டையில் இந்த வரவு எழுதப்பட்டிருக்கிறதா?

மூன்றாவது: மழையைப் பார்த்ததா? டிசாட் போன்ற பயிர் மாதிரிகள் மழை, வெப்பம், மண்ணின் தன்மை இவற்றைக் கொண்டு நாள்தோறும் நைட்ரஜனின் வரவு செலவைக் கணக்கிடுகின்றன. அவற்றுக்கும் உள்ளூர் மழை அளவு வேண்டும். கனமழைக்கு முதல் நாள் இட்ட உரம் வேரில் தங்காது என்பதை எந்த மாதிரியும் இல்லாமலே நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்பதால் கணினியை ஒதுக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பழக்கத்தில் அள்ளி வீசுவதைவிடக் கணக்குப் போட்டு இடுவது மேல். கணக்குக்கு நல்ல எண்ணைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். தொடக்கப்பள்ளியில், வளாகத்தில் ஒரு மழைமானி வைத்துப் பிள்ளைகள் தினமும் காலையில் அளந்து எழுதட்டும். நடுநிலை வகுப்புகளில் மண் மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுங்கள்: சருகை விலக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் தனித்தனியாகப் பொதியச் சொல்லுங்கள். காப்பி, மிளகுக்கு இன்னும் ஆழமாக எடுக்க வேண்டும். அதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு வர அவர்களையே அனுப்புங்கள். உயர்நிலை வகுப்புகளில் அந்தக் கழித்தல் சமன்பாட்டை இயற்கணிதப் பாடத்தோடு சேர்த்து நடத்துங்கள்.

அடுத்த முறை அட்டை வரும்போது, அந்த மாணவி எண்ணை வாசிப்பதோடு நிற்கமாட்டாள். "அப்பா, இது மேட்டு மண்ணுக்கு வந்த கணக்கு. பள்ளத்துக்குத் தனியா மண்ணு கொடுப்போம்" என்பாள். அதைச் சொல்லும் துணிவை அவளுக்குத் தருவது நம் பாடவேளைதான்.