கையில் இருக்கும் நிலமும் காகிதத்தில் இருக்கும் நிலமும்

(நிலப் பறிப்புக்கு எதிரான விளக்கக் கூட்டத்தில் நமது சங்க நிர்வாகி ஒருவர் ஆற்றிய உரை. ஊர்க்கூட்டங்களில் வாசித்துக் காட்ட வசதியாக இங்கே அச்சிடப்படுகிறது.)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் கம்பெனிக்கு நம் நிலம் ஏன் வேண்டியிருக்கிறது, நம் ஏரித் தண்ணீர் என்ன ஆகும் என்றெல்லாம் விரிவாகப் பேசிவிட்டார்கள். எனக்குச் சங்கம் கொடுத்த வேலை வேறு. சொத்துச் சட்டத்தைப் பற்றிப் பேசு என்றார்கள். அதைக் கேட்டதும் பின்னால் நாலு பேர் டீ குடிக்க எழுந்திருப்பது தெரிகிறது. போய்விட்டு வாருங்கள். ஆனால் ஒரு விஷயம். வணிகம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். சொத்து என்றால் என்ன, அது எப்படிக் கைமாறும், எந்தக் காகிதம் செல்லும் என்று பரீட்சை வைக்கிறார்கள். நாளைக்குக் கம்பெனி சார்பில் ஜீப்பில் வந்து இறங்குகிறவன் அந்தப் பாடத்தைப் படித்தவன். நிலத்தை வைத்திருக்கிற நமக்குத்தான் அதை யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் ஒரு குடும்பத்துக் கதை. ஊர் பேர் வேண்டாம். அண்ணன் தம்பிகள் மூன்று பேர், மூன்றேகால் ஏக்கர். பட்டா தாத்தா பேரில். அப்பா காலமான பிறகு ஊர்ப் பெரியவர்களை வைத்து அளந்து, வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருடம் அவரவர் பங்கில் அவரவர் பயிர். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பிறகு கையகப்படுத்தும் நோட்டீஸ் வந்தது. யார் பேருக்கு? செத்துப்போன தாத்தா பேருக்கு! அப்படி ஆள் இல்லை என்று தபால் திரும்பிப் போய்விட்டது. ஆட்சேபணை சொல்ல வேண்டிய நாளும் போய்விட்டது. பணத்துக்கு அலைந்தபோது ஆபீசில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "உங்களுக்குள்ள யாருக்கு எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியாது. கோர்ட்ல கட்டிட்டோம், அங்க போய் வாங்கிக்குங்க." இதற்கு நடுவில் அத்தை மகன் ஒருவன் அம்மா பங்கைக் கேட்டு வழக்குப் போட்டான். அவன் கேட்டதில் தப்பு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நிலம் அவர்கள் கையில் இருந்தது. காகிதத்தில் அவர்கள் இல்லை. நான் பேச வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

நாம் நிலம் என்றால் மண் என்று நினைக்கிறோம். சட்டம் அதை உரிமைகளின் கட்டு என்று பார்க்கிறது, ஒரு விறகுக் கட்டு மாதிரி. உழுது பயிர் வைக்கிற உரிமை ஒரு குச்சி. அடுத்தவனை உள்ளே விடாமல் தடுப்பது ஒரு குச்சி. விற்பது, அடமானம் வைப்பது, பிள்ளைக்கு எழுதி வைப்பது எல்லாம் தனித்தனிக் குச்சிகள். எல்லாக் குச்சியும் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. குத்தகைக்காரரிடம் சாகுபடி உரிமை இருக்கும். பேங்கில் அடமானம் இருக்கும். மேல்காட்டுக்காரருக்கு உங்கள் வரப்போரம் வண்டிப்பாதை உரிமை இருக்கும், வாய்க்கால் உரிமை இருக்கும். ஒரு பாதையையோ வாய்க்காலையோ இருபது வருடம் தடையில்லாமல், உரிமையோடு அனுபவித்தால் அதுவே சட்டப்படி உரிமையாகும் என்று 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்தால் பட்டாதாரர் மட்டும் பேசினால் போதும் என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது. பாதை போகிறவனும் தண்ணீர் போகிறவனும் பாதிக்கப்பட்டவன்தான். அவனும் மனுக் கொடுக்க வேண்டும்.

சரி, யாருடைய நிலம் என்று எதைப் பார்த்து முடிவு செய்வது? "என்கிட்ட பட்டா இருக்கு" என்கிறோம். பட்டா வருவாய்த்துறை கொடுக்கிற காகிதம். தீர்வை யாரிடம் வாங்குவது என்பதற்காக எழுதி வைத்த கணக்கு. அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. உரிமையைக் காட்டுவது கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், செட்டில்மென்ட், உயில் மாதிரியான மூலங்கள். "அப்ப பட்டா வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். அங்கேதான் சூட்சுமம். கோர்ட்டுக்குப் பத்திரம் பெரிது. ஆனால் நிலம் எடுக்க வருகிற தாசில்தார் முதலில் புரட்டுவது பட்டாவையும் 'அ' பதிவேட்டையும்தான். நோட்டீஸ் அந்தப் பேருக்குத்தான் வரும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நஷ்டம் நமக்கு.

1980களில் யூ.டி.ஆர். என்று ஒரு நில அளவை நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் விழுந்த தப்புகள் இன்னும் நம் தலையில் இருக்கின்றன. பேர் மாறியது, பரப்பு குறைந்தது, பட்டா நிலம் புறம்போக்காக ஏறியது என்று ஊருக்கு ஊர் உதாரணம் உண்டு. பழைய பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் பக்கத்தில் வைத்து சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் எழுத்தில் மனுக் கொடுங்கள். தாசில்தார் உத்தரவு சரியில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர். உரிமையே தகராறு என்றால் சிவில் கோர்ட்.

அடங்கலையும் பாருங்கள். அதில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நெல் வைத்திருப்போம், "தரிசு" என்று எழுதியிருக்கும். வி.ஏ.ஓ. வயலுக்கு வராமலே எழுதிய ஒரு சொல், பிறகு "இது விளையாத நிலம்தானே" என்று நமக்கு எதிராகவே திரும்பும். கிணறு, போர், தென்னை, மா எல்லாம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இழப்பீடு போடும்போது அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்தது எழுத்து. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால் பத்திரம் பதிய வேண்டும். இது 1882 சொத்து மாற்றுச் சட்டத்திலும் 1908 பதிவுச் சட்டத்திலும் உள்ள விதி. நூறு ரூபாய்க்கு இன்று எந்த ஊரில் நிலம் கிடைக்கிறது? ஆக எல்லா விற்பனையும் பதிந்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் ரேகை வைத்து, நாலு சாட்சி போட்டு வாங்கியது கோர்ட்டில் உரிமை மூலமாக நிற்காது. பவர் பத்திரம் வாங்கினால் நிலம் வாங்கியதாக ஆகாது என்று 2011ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

அதே பவரைத் தரகர்கள் நமக்கு எதிராக எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். திட்டம் வரப்போகிறது என்பது நமக்கு முன்னால் தரகனுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "மாமா, அட்வான்ஸ் பிடிங்க, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று வருவான். மாமா என்று கூப்பிட்டாலே உஷாராகிவிடுங்கள்! அவன் கையில் இருப்பது விற்கிற அதிகாரத்தோடு கூடிய பொது அதிகாரப் பத்திரம். அதை வைத்து உங்கள் பேரிலேயே இன்னொருத்தனுக்கு விற்று முடிப்பான். படிக்காமல், படித்தவர் யாரிடமும் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் கூச்சப்படாமல் இன்றைக்கே எங்களிடம் சொல்லுங்கள். ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தன்னிடம் இல்லாத உரிமையை எவனும் விற்க முடியாது. பதிவு செய்துவிட்டதால் மட்டும் இல்லாத உரிமை வந்துவிடாது. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறார். நிலம் யாருக்குச் சொந்தம் என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை.

"பன்னிரண்டு வருஷம் அனுபோகத்துல இருந்தா நமக்கே சொந்தம்" என்று டீக்கடையில் பேசுவதும் பாதிதான் உண்மை. சொந்தக்காரனுக்குத் தெரியும்படி, அவன் உரிமையை மறுத்து, தொடர்ச்சியாக வைத்திருந்தால்தான் அந்தக் கணக்கு. குத்தகைக்கு வந்தவரோ, பங்காளியோ வெறுமனே உழுதுகொண்டிருந்தேன் என்று சொன்னால் போதாது. அரசாங்க நிலத்துக்கு முப்பது வருடம். பி-மெமோ கட்டிய ரசீதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அது ஆக்கிரமிப்புக்குப் போட்ட அபராத ரசீது, சொத்து மூலம் ஆகாது.

இப்போது அந்த அத்தை மகனுக்கு வருகிறேன். ஆண்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது, அந்தத் தேதியில் கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும். 2005ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையே திருத்தி, கல்யாணம் ஆனவர்களுக்கும் நாடு முழுக்கக் கொடுத்தார்கள். 2005ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020ல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. அப்பா தானே சம்பாதித்த நிலம் என்றால் கேட்கவே வேண்டாம். உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சம பங்கு. தங்கச்சிக்கு சீர் செய்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்று சட்டம் சொல்லவில்லை. நோட்டீஸ் வந்த பிறகு கோர்ட்டில் அவளைச் சந்திப்பதைவிட, இப்போதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகப் பிரித்தது செல்லவே செல்லாது என்பதில்லை. ஆனால் சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் யாரை வைத்து நிரூபிப்பீர்கள்? வாரிசுச் சான்று வாங்குங்கள், பாகப்பிரிவினையைப் பதியுங்கள், கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்யுங்கள்.

அரசாங்கம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால்? சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978ஆம் வருட 44ஆவது திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு 300ஏ என்ற பிரிவைப் போட்டார்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. சின்னப் பிரிவு, ஆனால் நல்ல ஆயுதம். இமாச்சலப் பிரதேசத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாயின் நிலத்தை 1967-68ல் ரோடு போட எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் இல்லை, பணம் இல்லை. பல வருடம் கழித்து அவர் கோர்ட்டுக்குப் போனபோது, இத்தனை வருடம் எங்கள் அனுபோகத்தில் இருக்கிறது, ஆகவே எங்களுக்கே சொந்தம் என்று அரசாங்கமே வாதாடியது! ஜனங்களின் நிலத்தை அப்படிச் சொந்தம் கொண்டாட அரசுக்கு உரிமை இல்லை என்று 2020ல் உச்சநீதிமன்றம் சொல்லி, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அப்போது அந்தம்மாவுக்கு எண்பது வயது. 2024ல் இன்னொரு வழக்கில் 300ஏ-வுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்றது அதே நீதிமன்றம். முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், நம் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், காரணம் எழுதி முடிவெடுக்க வேண்டும், பொது நோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு வேண்டும், தாமதம் இல்லாமல் முறைப்படி நடத்த வேண்டும், நடவடிக்கையை முழுசாக முடிக்க வேண்டும்.

பிறகு ஏன் போராட்டம் என்கிறீர்களா? தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. 1894ஆம் வருட வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்துவிட்டு 2013ல் புதுச் சட்டம் வந்தது. சமூகத் தாக்க ஆய்வு, தனியார் கம்பெனிக்கு எடுத்தால் நில உடைமையாளர்களின் சம்மதம், இருபோக முப்போகப் பாசன நிலத்தைக் கடைசி வழியாக மட்டும் தொடுவது என்று அதில் சில நல்ல அம்சங்கள். ஆனால் தொழிற்பேட்டைக்கு 1997ஆம் வருட மாநிலச் சட்டம், நெடுஞ்சாலைக்கு 2001ஆம் வருட மாநிலச் சட்டம் என்று தனியாக வைத்துக்கொண்டது தமிழ்நாடு. 2019ல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருடம் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021ல் உச்சநீதிமன்றம் அதைச் சரி என்றுவிட்டது. இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படி வரும். ஆய்வும் சம்மதமும் வராது.

இதில் நாம் மனதில் பதிய வைக்க வேண்டியது ஒன்று. 1997 சட்டப்படி அரசிதழில் அறிவிப்பு வெளியான அன்றே நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். நீங்கள் மறுநாள் காலையில் ஏர் பூட்டி உழுதுகொண்டிருப்பீர்கள், ஆனால் சட்டப்படி அது உங்கள் நிலம் இல்லை. ஆகவே சண்டை போட வேண்டிய இடம் அதற்கு முன்னால் வரும் காரணம் கேட்கும் நோட்டீஸ். அதில் குறித்த நாளுக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். கூட்டமாகப் போய்க் கோஷம் போட்டுவிட்டு வந்தால் பைலில் ஒன்றும் இருக்காது. கோஷமும் போடுவோம், காகிதமும் கொடுப்போம். குத்தகைதாரர்களும் கொடுங்கள். வாய்க்குத்தகையில் இருப்பவர்கள் 1969ஆம் வருடச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பேரை ஏற்ற மனுப் போடுங்கள்.

பணம் வாங்கவே மாட்டோம் என்பவர்களை நான் மதிக்கிறேன். இருந்தாலும் கணக்கைத் தெரிந்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று வருடத்தில் பதிந்த கிரயங்களில் அதிக விலை போட்ட பாதிப் பத்திரங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். கிராமப்புறம் என்றால் அதை 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்க வேண்டும். அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. இங்கே நாமே ஒரு தப்புச் செய்கிறோம். முத்திரைச் செலவு மிச்சம் என்று பத்து லட்சத்துக்கு வாங்கிவிட்டு மூன்று லட்சம் என்று எழுதுகிறோம். அந்த மூன்று லட்சம்தான் பிறகு ஊருக்கே விலையாக வந்து நிற்கிறது.

எந்த நோட்டீஸுக்கும் முன்னால் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் பட்டா மாறுதல் முகாம் நடத்தி இறந்தவர்கள் பேரை நீக்கி வாரிசுகள் பேரை ஏற்ற வேண்டும், குத்தகைதாரர் உட்பட எல்லோருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் தர வேண்டும், 1997 சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்ற நமது கோரிக்கைகளை வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிறோம். அன்றைக்கு வேன் காலை எட்டு மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கும். வருகிறவர்கள் பட்டா நகல், கிரயப் பத்திர நகல், தீர்வை ரசீது எடுத்து வாருங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க ஆபீசில் மனு எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா பேரில் பட்டா உள்ளவர்கள் முதலில் வாருங்கள். தங்கச்சியையும் கூட்டி வாருங்கள்.