கஞ்சா சாக்லேட்டும் கல்லீரலும்: "இன்னும் ஏறலையே" என்கிற அந்த ஒரு மணி நேரம்

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நியூஸ் பார்க்கிறவங்களுக்கு "கஞ்சா சாக்லேட் பறிமுதல்" புதுசு இல்லீங்க. அந்த சாக்லேட் வயித்துக்குள்ள போனதும் என்ன ஆகுது? இன்னைக்கு அதை மட்டும் பேசுவோம்.

காலேஜ்ல என் ரூம்மேட் ஒருத்தன் இதைச் சாப்பிட்டான். முக்கால் மணி நேரம் ஆச்சு. "ஒண்ணுமே ஏறலைடா"ன்னு இன்னொண்ணு சாப்பிட்டான். ரெண்டு மணி நேரம் கழிச்சு நெஞ்சு படபடன்னு அடிக்க, "செத்துருவேன்டா"ன்னு அழ ஆரம்பிச்சான். நாங்க மோர் கொடுத்தோம், எலுமிச்சை பிழிஞ்சு கொடுத்தோம். எதுவும் கேட்கலை.

ஏன்னு எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சது. கஞ்சாவில் போதை தருகிற முக்கியமான பொருள் டிஎச்சி. 1964-ல் இஸ்ரேலில் மெக்கூலம், கவோனி என்ற விஞ்ஞானிகள் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். புகையாக இழுத்தால் நுரையீரலில் இருந்து நேராக ரத்தம், அங்கிருந்து மூளை. சில நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சாப்பிட்டால் ரூட்டே வேற. குடல் உறிஞ்சியதும் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அங்கே சிஒய்பி 2சி9 என்கிற என்சைம், டிஎச்சியை 11-ஹைட்ராக்ஸி டிஎச்சியாக மாற்றுகிறது. கல்லீரல் மாற்றிவிட்டதே, விஷம் முறிந்திருக்கும்னு நினைப்போம். இல்லீங்க. இந்தப் புதுப் பொருளும் டிஎச்சிக்குக் குறையாத போதை தரும், மூளைக்குள்ளும் சுலபமாகப் போகும். புகைக்கும்போது இது கொஞ்சம்தான் உருவாகும். சாப்பிட்டால் நிறைய.

இதற்கெல்லாம் அரை மணியில் இருந்து ரெண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதனால "ஏறலையே"ன்னு ரெண்டாவதைச் சாப்பிடும்போது, முதலாவது இன்னும் க்யூவில்தான் நிற்குது. நம்ம பாஷையில் சொன்னா, ரெஸ்பான்ஸ் வரலைன்னு பட்டனை மறுபடி அமுக்கி, பேமென்ட் ரெண்டு தடவை போன கதைதான்.

அப்புறம் கல்லீரல் அதை இன்னொரு படி மாற்றி, போதை இல்லாத கார்பாக்ஸி டிஎச்சி ஆக்கும். யூரின் டெஸ்ட்டில் தேடுவது இதைத்தான். டிஎச்சி கொழுப்பில் தங்கி மெதுவாகக் கசிவதால், போதை இறங்கிப் பல நாள் ஆகியும் டெஸ்ட்டில் பாசிட்டிவ் வரலாம். தினமும் எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கிலும் நீளும். மோரும் எலுமிச்சையும் இந்த வேலையை வேகப்படுத்தாது.

அன்னைக்கு எங்க உண்மையான தப்பு என்ன தெரியுமா? போலீஸ் பயம். 1985-ம் வருஷத்து என்டிபிஎஸ் சட்டப்படி இது குற்றம்னு தெரியும். அதனால ஆஸ்பத்திரிக்குப் போகவே ரொம்ப நேரம் யோசிச்சோம். போனதும் டாக்டர் கேட்டது ரெண்டே கேள்வி: என்ன சாப்பிட்டான், எப்போ சாப்பிட்டான்? ரெண்டுக்கும் முதல்ல பொய்தான் சொன்னோம். அவன் பிழைச்சுக்கிட்டான், விடுங்க. ஆனா அந்தப் பொய்யை நினைச்சா இன்னும் கூசுது.

எடுக்காதீங்க, அதுதான் நல்லது. பக்கத்தில் யாராவது எடுத்துத் தடுமாறினா தனியா விடாதீங்க, வண்டி ஓட்ட விடாதீங்க. மூச்சு, நெஞ்சு, நினைவு எதில் சந்தேகம் வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க. டாக்டர்கிட்ட நேரத்தோட சேர்த்து உண்மையைச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாமுங்க.