கப்பலைத் திருப்பும் கடமை

கடல்சார் சட்ட அறிஞர்களும் மருத்துவர்களும் கப்பல் அதிகாரிகளும் இக்கருத்தரங்கில் ஒன்றுகூடியிருக்கிறோம்.

நடுக்கடலில் நோயுறும் மாலுமியைக் காப்பது கப்பல் உரிமையாளரின் பொறுப்பு என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. கரையில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சைக்கு இயன்றவரை இணையான சிகிச்சை மாலுமிக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. ஆனால் 100 பேரோ அதற்கு மேலோ ஏறி, 3 நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் மருத்துவர் கட்டாயம். சரக்குக் கப்பலில் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து பேர்தான். அங்கே மருத்துவர் கிடையாது.

அப்படியொரு கப்பலில் எஞ்சின் அறைப் பணியாளர் ஒருவர் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அருகில் இருப்பவர் செகண்ட் ஆபீசர். கடல்வழி வரைபடம் பார்ப்பது அவர் வேலை. மருத்துவம் குறுகிய காலப் பயிற்சியில் கற்றது. காய்ச்சலை அளந்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, சாட்டிலைட் போனில் கரையிலுள்ள மருத்துவரிடம் விவரம் சொல்கிறார். ரோமில் 1935 முதல் இயங்கும் வானொலி மருத்துவ மையம் போன்றவை எந்நாட்டுக் கப்பலுக்கும் இந்த ஆலோசனையை இலவசமாக வழங்குகின்றன. மருந்துப் பெட்டியில் ஆன்டிபயாட்டிக் உண்டு. அறுவை சிகிச்சைக்கு வழி இல்லை. "உடனே கரை சேருங்கள்" என்று மருத்துவர் சொன்னதும், முடிவு கேப்டன் கைக்கு வந்துவிடுகிறது.

கப்பலைத் திருப்புவதா வேண்டாமா என்ற இதே கேள்வி 'இரோக்குவா' என்ற பாய்மரக் கப்பல் வழக்கில் எழுந்தது. கேப் ஹார்ன் அருகே மாலுமி ஒருவர் உயரத்திலிருந்து விழுந்ததில் அவர் கால் முறிந்தது. கேப்டன் இடையில் எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் சான் பிரான்சிஸ்கோ வரை கப்பலைச் செலுத்தினார். கடைசியில் காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. வால்பரைசோ துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்பியிருக்க வேண்டும் என்று 1904இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயத்தின் கடுமை, கப்பலிலேயே தரக்கூடிய சிகிச்சை, துறைமுகத்தின் தொலைவு, காற்றின் போக்கு, அங்கே அறுவை மருத்துவர் கிடைப்பாரா என்பதையெல்லாம் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்றும் அது கூறியது.

இன்றைய சட்டமும் கப்பலைத் திருப்பும் கேப்டன் பக்கமே நிற்கிறது. உயிர்காக்க வழிமாறுவது ஒப்பந்த மீறல் ஆகாது என்கின்றன கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கான ஹேக்-விஸ்பி விதிகள். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவை உரிமையாளரோ, கப்பலை வாடகைக்கு எடுத்தவரோ தடுக்கக் கூடாது என்கிறது கடல் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை. வழிமாறுவதால் கூடும் எரிபொருள் செலவைப் பொதுவாகக் காப்பீட்டுச் சங்கங்கள் ஏற்கின்றன. ஆனாலும் அந்த நாட்களுக்கான வாடகை இழப்பு உரிமையாளர் தலையில் விழக்கூடும். அந்த அச்சம் கேப்டனையும் தொற்றிக்கொள்கிறது.

கரை சேர்ந்த பிறகும் தடை வரலாம். கொரோனா காலத்தில் நோயுற்ற மாலுமிகளை இறக்கவே பல துறைமுகங்கள் மறுத்தன. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே, அவசர சிகிச்சை தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றி இறக்க அனுமதிக்க வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்யப்பட்ட 2022ஆம் ஆண்டுத் திருத்தம். அது 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, மருந்துப் பெட்டி நிறைவாக இருக்கிறதா என்பதோடு நம் ஆய்வு நின்றுவிடக் கூடாது. வழிமாறும் நாட்களின் இழப்பை யார் ஏற்பது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் மாதிரி விதியொன்றைச் சட்ட அமர்வு வரைந்து தர வேண்டும். எந்த அறிகுறி கண்டால் கப்பலைத் திருப்பியே ஆக வேண்டும் என்பதை மருத்துவ அமர்வு வரையறுக்க வேண்டும். மாலுமியின் உயிருக்காகக் கப்பலைத் திருப்பும் கேப்டன் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்ற நிலையை உருவாக்குவதே நம் பணி. அந்த நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.