அம்மா வழி வந்த இழைமணி

போன மாசி மாதம் ஓர் அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். வயது 54. சர்க்கரை வந்து 12 வருடம். “நெஞ்சுவலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. தாடை இழுக்குது, முதுகு கனக்குது. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. வாயுன்னு நெனச்சுப் பூண்டச் சுட்டுத் தின்னேன்” என்றார். மூன்று நாள் அப்படியே ஓட்டியிருக்கிறார். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு.

சர்க்கரை நோய் நாளடைவில் நரம்புகளை மரக்க வைக்கிறது. அதனால் நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். மாதவிடாய் நிற்கும் வயதுவரை பெண்களுக்கு இதயநோய் ஆண்களைவிடக் குறைவு. சர்க்கரை வந்தால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. 2014-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சர்க்கரையுள்ள ஆணுக்கு இதயநோய் அபாயம், சர்க்கரையில்லாத ஆணைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பெண்ணுக்கோ, சர்க்கரையில்லாத பெண்ணைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஏன் இப்படி? காரணங்கள் பல. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பள்ளியில் மைட்டோகாண்ட்ரியா என்று படித்திருப்பீர்கள். தமிழில் இழைமணி. 1898-இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர், நூலுக்கும் மணிக்கும் உரிய கிரேக்கச் சொற்களைக் கோத்து அந்தப் பெயரை வைத்தார். நெல்மணி என்கிறோமே, அந்த மணி! நாம் உண்ட சோறும் இழுத்த மூச்சும் சந்தித்துச் சக்தியாகும் அடுப்பு அது. நாளுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கும் இதயத்தில், தசைச் செல்லின் மூன்றில் ஒரு பங்கு இடம் இழைமணிகளுக்கே. இன்னொன்று கேளுங்கள். இழைமணிக்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு. அவை அம்மாவிடமிருந்து மட்டுமே வருகின்றன. அம்மாவுக்கு அம்மாச்சி, அம்மாச்சிக்கு அவர் அம்மா. கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளே, உங்களுக்கும் அப்படித்தான்.

நல்ல இதயம் கொழுப்பையும் சர்க்கரையையும் வேளைக்கேற்ப மாற்றி எரிக்கும். நீரிழிவில் கொழுப்பையே நம்பத் தொடங்குகிறது. அதே வேலைக்கு ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகிறது. ஈர விறகு புகைவதுபோல, செல்லைப் புண்ணாக்கும் கழிவும் பெருகுகிறது. இழைமணிகளைப் பேணுவதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கும் பங்குண்டு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் சொல்கின்றன. மாதவிடாய் நின்றபின் அதுவும் குறைந்துவிடுகிறது.

ஆனால் இழைமணியை வளர்க்க முடியும்! 1967-இல் அமெரிக்காவில் ஜான் ஹாலசி என்ற மருத்துவர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டார். அவற்றின் தசையில் சக்தி ஆக்கும் திறன் ஏறத்தாழ இரட்டித்தது. நடந்தால் நம் தசையிலும் இழைமணிகள் பெருகும்.

நேரம் நெருங்கிவிட்டது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பக் காலத்தில் சர்க்கரை வந்து போனவர்கள், பிள்ளை பிறந்ததும் சரியாயிற்று என்று விட்டுவிடாமல் தொடர்ந்து பரிசோதியுங்கள். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பாருங்கள். சர்க்கரையுள்ள பெண்ணுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, தாடை இழுத்தாலோ, காரணமில்லாமல் உடல் அசந்துபோனாலோ பூண்டைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மா இப்போது மாலையில் பேத்தியின் கையைப் பிடித்துக் கண்மாய்க் கரையில் நடக்கிறார். நாளைக்கு உங்கள் ஊர்க் கரையிலும் இரண்டு பேர் கூடுதலாக நடப்பார்கள் என்று நம்புகிறேன்.