மூடிய கதவுக்குப் பின்னால் எம் பிள்ளைகள்



   

கொவிட் தொற்றுக் காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களின் உள்ளம் பட்ட பாட்டைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அது முடிந்துபோன கதையல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அவசரநிலையை நீக்கியது உண்மையே. ஆயினும் அன்று மாணவர்களாய் இருந்தோர் இன்று எம்மிடையே தொழில் செய்கின்றனர், திருமணம் முடிக்கின்றனர். சிலர் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு வீட்டோடு இருக்கின்றனர். அவர்களது உள்ளத்திற்கு என்ன நேர்ந்தது என்று எத்தனை வீடுகளில் கேட்டிருப்போம்?

அவர்கள் கடந்து வந்த வருடங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21இல் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. முஸ்லிம் மாணவர்கள் சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே விரிவுரைகளுக்குத் திரும்பினர். ஒரு வருடம் பூர்த்தியாகும் முன்னரே, 2020 மார்ச் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்கள் மீண்டும் மூடப்பட்டன. மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கொழும்பு மாவட்டத்திற்கு அது மே மாதத்தின் இறுதி வாரம் வரை நீடித்தது. பள்ளிவாசல்கள் மூடியிருக்க ஒரு ரமழானைக் கழித்தோம். பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதோம். ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவியபோது கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பகுதிகள் மீண்டும் முடக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் மற்றுமொரு ஊரடங்கு. 2022இல் எரிபொருள் இல்லை. அவ்வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. மூன்றோ நான்கோ வருடங்களில் முடிந்திருக்க வேண்டிய பட்டப்படிப்பு பலருக்கு ஐந்து, ஆறு வருடங்களாக இழுபட்டது.

கொட்டாஞ்சேனையின் தோட்ட வீடுகளையும் தொடர்மாடிகளையும் அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு அறைகளில் ஆறேழு பேர். ஒரே கைபேசி, அதில் தம்பிக்குப் பாடசாலைப் பாடம், அக்காவுக்கு விரிவுரை. நாட்கூலிக்குச் செல்லும் வாப்பா வருமானமின்றிக் கதவோரம் அமர்ந்திருக்கின்றார். சமையலறை மூலையில் அமர்ந்து கெமராவை அணைத்துவிட்டுப் பாடம் கேட்ட மகள், வீட்டின் நிலையைத் தோழியர் காணக் கூடாதென்றே அதனை அணைத்தாள். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளியூர் மாணவர்களின் நிலை வேறு. கடலோசை கேட்கும் அறை, அடைபட்ட கடைகள், ஊரில் பெற்றோர். ஒருவருக்கு இடநெருக்கடி, மற்றவருக்குத் தனிமை. நோய் என்னவோ ஒன்றுதான்.

எம் சமூகத்திற்கு அதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது. 2020 ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் மரணித்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்றது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது மாற்றப்பட்டது. மார்ச் 5இலிருந்து ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கோரியது. அரசியலை இங்கு பேச வரவில்லை. ஆனால் மார்க்கம் துக்கத்திற்கு ஒரு வழியை அமைத்துத் தந்திருக்கின்றது: குளிப்பாட்டுகின்றோம், கபனிடுகின்றோம், தொழுகின்றோம், மூன்று பிடி மண் போடுகின்றோம். கை செய்யும் அவ்வேலைகளினால்தான் மனம் பிரிவை ஏற்றுக்கொள்கின்றது. பாட்டனாரை அவ்வாறு அனுப்பிவைக்க இயலாமற் போன பேரப்பிள்ளை, மறுநாள் காலை எட்டு மணிக்கு இணையவழி விரிவுரையில் பெயர் பதிந்தான். அந்தத் துக்கம் எங்கே போயிருக்கும்? கரைந்திருக்கும் என்று எண்ணுகின்றீர்களா?

இவ்விடத்தில்தான் எம்மில் அநேகர் தவறான ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுகின்றனர்: "ஈமான் பலவீனம். ஒழுங்காகத் தொழுதால் இதெல்லாம் வராது." தொழுகை உள்ளத்தின் மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவ்வார்த்தையை மர்யம் (அலை) அவர்களிடம் சொல்லத் துணிவோமா? பிரசவ வேதனையில், தன்னந்தனியாக, ஊராரின் ஏச்சுக்கு அஞ்சியவர்களாக, இதற்கு முன்னரே மரணித்திருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியதை அல்குர்ஆன் மறைக்கவில்லை. அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவுமில்லை. கவலைப்பட வேண்டாமென ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை, மரத்திலிருந்து பேரீச்சம்பழம், மனிதரிடம் பேசாதிருக்க அனுமதி. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரில் கண்பார்வையையே இழந்தார்கள். அவர்களும் ஒரு நபிதான்.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்ட துஆக்களில் ஒன்று, ‘ஹம்மு’, ‘ஹஸன்’ ஆகிய இரண்டிலிருந்தும் பாதுகாவல் தேடுவதாகும். வரவிருப்பதை எண்ணிப் பதறுவது ஹம்மு என்றும், இழந்ததை எண்ணி வருந்துவது ஹஸன் என்றும் உலமாக்கள் விளக்குவர். இன்றைய வைத்தியர்கள் பதகளிப்பு என்றும் மனச்சோர்வு என்றும் கூறுவன இவற்றிற்கு வெகு தூரத்தில் இல்லை. ஹிஜ்ரி 322இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்திற்குமான சுகாதாரத்தை ஒரே நூலில் எழுதியவர். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே புலப்படாத கவலை வேறு, இரண்டாவதற்கு உடலையும் கவனித்து வைத்தியம் செய்ய வேண்டும் என்று அவர் பிரித்துக் காட்டினார். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னர்! ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ, கொள்ளைநோய்க்கு மூன்று புதல்வியரைப் பறிகொடுத்தவர். கொள்ளைநோயைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவரது ஈமானை யார் குறை சொல்வார்?

சில காலத்திற்கு முன்னர் ஒரு தாய் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்தியவர். "ஹஸரத், இவருக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள். ஒரு தடவை ஓதி ஊதிவிடுங்கள்" என்றார். ஓதினேன், ஓதிப் பார்ப்பது ஸுன்னத்தான காரியம். பின்னர் அம்மகனிடம், "இரவில் எத்தனை மணிக்கு உறங்குகின்றீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஸுபஹ் அதான் கேட்ட பிறகுதான்" என்றார். எவ்வளவு காலமாக என்றேன். "வீட்டில் அடைபட்ட நாளிலிருந்து." அந்தத் தாய் அதனை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கின்றார். நான்கு வருடங்களாக ஒரே கூரையின் கீழ்! வைத்தியரிடம் காட்டுங்கள் என்றதும் அவரது முகம் மாறியது. "ஊருக்குத் தெரிந்தால் இவரது தங்கைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?"

இதுவே எம் வீடுகளின் உண்மையான பூட்டு. அங்கொடை என்ற ஊர்ப் பெயரை ஒரு வசைச் சொல்லாக்கி வைத்திருக்கின்றோம். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பதை விருந்தில் அமர்ந்து கதைக்கின்ற நாம், உறக்கத்திற்கு வைத்தியரை நாடியதை உடன்பிறந்தோருக்கும் மறைக்கின்றோம். தொற்றின் முதலாவது வருடத்தில் மாத்திரம் உலகளவில் பதகளிப்பும் மனச்சோர்வும் 25 வீதம் அதிகரித்தன என்றும், இளைஞரும் பெண்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அவ்வளவு பேருக்கும் யார் கண் வைத்தார்கள்?

பெற்றோர்களே, சில அடையாளங்களைக் கவனியுங்கள். உறக்கம் தலைகீழாக மாறுதல், உணவை வெறுத்தல், முன்னர் விரும்பியவற்றில் நாட்டமின்மை, குளிக்கவும் சோம்புதல், காரணமின்றி எரிந்து விழுதல், தான் எல்லோருக்கும் பாரம் என்று கூறுதல். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரை நாடுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மனநல மருத்துவப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திற்குத் தமிழிலும் பேசலாம். 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பில் பெயர் சொல்லாமலே மனம் திறக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னால், "ஹராம், நரகம்" என்று அவ்விடத்திலேயே பயான் செய்யாதீர்கள். அது ஹராம் என்பது அப்பிள்ளைக்குத் தெரியும்; தெரிந்தும் சொல்கின்றதென்றால் வலி அந்தளவு என்று பொருள். அருகில் அமருங்கள், தனியே விடாதீர்கள், அன்றே அழைத்துச் செல்லுங்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்நாட்டில் குற்றமன்று. பொலிஸுக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

இடையில் ஒரு சிறு விடயம். துயருற்ற வீட்டாருக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் ‘தல்பீனா’ என்ற வாற்கோதுமைக் கஞ்சியைச் சமைத்துக் கொடுக்கச் செய்வார்கள். அது உள்ளத்தைத் தேற்றும் என்று நபியவர்கள் கூறக் கேட்டதாகவும் அறிவித்திருக்கின்றார்கள். எம் உம்மாமாருக்குக் கஞ்சி காய்ச்சக் கற்றுத்தர வேண்டியதில்லை. கோப்பையைக் கதவருகே வைத்துவிட்டுப் போகாமல், உள்ளே சென்று கட்டிலில் அமர்ந்து கொடுங்கள்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் 2020க்குப் பின் மெதுவாக விலகிப்போன ஒருவர் நிச்சயம் இருப்பார். குழுவில் செய்தியைப் படிப்பார், பதில் எழுதமாட்டார். பட்டமளிப்பு விழாவுக்கும் வந்திருக்கமாட்டார். ஸல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்கள் தம்மையே வருத்திக்கொள்வதைக் கண்டபோது தூரத்திலிருந்து அறிவுரை அனுப்பவில்லை. அவரது வீட்டிலேயே தங்கி, அவரை உண்ணச் செய்து, உறங்கச் செய்து, இரவின் பிற்பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். அந்த நண்பரின் இலக்கம் இன்னும் உங்கள் கைபேசியில் இருக்கும். இவ்வாரம் அழையுங்கள். எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரது வீட்டிற்கே செல்லுங்கள். படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள்.