அரும்பிலே கவனித்தல்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி அபிவிருத்தியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் கட்டளையிட்டார்கள். நான் பண்டிதனல்லன், இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பது வருஷம் கணக்கெழுதியவன். ஆயினும் என் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு.

சென்ற பரிசளிப்பு விழாவன்று, பத்தாம் வகுப்பில் மேலான மதிப்பெண் பெற்ற மாணாக்கருக்கு நாம் மாலை சூட்டி மகிழ்ந்தோம். பின்பு பந்தியில் என் அருகே அமர்ந்த நான்காம் வகுப்புப் பையனிடம் விழா அழைப்பிதழைக் கொடுத்து, “வாசி, தம்பி” என்றேன். அவன் இரண்டு சொற்களை எழுத்துக் கூட்டிவிட்டுத் தலைகுனிந்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாதென்பது அவன் தகப்பனாருக்கே அன்றுதான் தெரிந்தது. வருஷந்தோறும் வகுப்பேறியவனை யார் சந்தேகிப்பார்?

நூற்பாலையிலே இழை அறுந்தால் அப்போதே கண்டு இணைத்துவிடுவார்கள்; துணியான பிறகு தேடுவதில்லை. நாமோ நெய்து முடிந்த துணிக்கே பரிசளிக்கிறோம். அறுந்த இழையைப் பார்ப்பதில்லை.

இதனை உபாத்தியாயர் குற்றமென்று தள்ளிவிடுதல் நியாயமன்று. ஒரே வகுப்பில் ஒருவன் கதை படிக்கிறான். ஒருவன் எழுத்தே அறியான். பாடப்புத்தகமோ ஒருவருக்காகவும் நில்லாமல் முன்னே செல்கிறது. முதலில் பின்தங்கியவன் கடைசிவரை பின்தங்குகிறான்.

இதற்குப் பரிகாரம் உண்டா என்று அறிஞர் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும், பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குச் சிறிது காலம் பயிற்சி தந்து, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் கற்பிக்கச் செய்தார்கள். அவ்வுதவி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டபோது, உதவி பெற்றவை தெளிவாக முன்னேறியிருந்தன. கடைநிலைப் பிள்ளைகளே மிகுந்த பயனடைந்தனர். அச்சோதனையை நடத்தியவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. தொற்றுநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021-இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது, தன்னார்வலர்கள் மாலைதோறும் தெருப்பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டதென்றும், மீண்டதில் சுமார் நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தின் பயனென்றும் கண்டார்கள். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையறிந்து பிரித்துக் கற்பிக்க முற்பட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இது. பரிசு இருக்கட்டும், ஆனால் அத்தொகையிற் பாதியைக் கொண்டு இராஜபாளையத்தில் ஒன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றுமாக இரண்டு மாலை வாசிப்பு நிலையங்களை அமைப்போம். பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்கள் தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்திற்கு ஈந்தார். மாலையில் பூட்டிக்கிடக்கும் நம் மண்டபத்தை இரண்டு மணி நேரம் திறந்துவிடுவது பெரிதா? வருகின்ற பிள்ளை நம்மவனா பிறனா என்று கேளாதிருப்போம். எழுத்துக்கு ஜாதி இல்லை. மூன்று மாதத்துக்கொருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்கச் செய்து, பெயரின்றித் தொகையை மட்டும் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். பலன் இல்லையெனில் முறையை மாற்றுவோம். கணக்கை மறைக்க வேண்டாம்.

சகோதரிகளே, உங்களுள் பள்ளிப்படிப்பு முடித்தோர் பலர். இப்பணி உங்களாலேயே ஆகும்.

1956-இல் காமராஜர் ஆட்சியில் வந்த மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. வந்தவர்கள் கற்றார்களா என்று பார்ப்பது நம் கடமை. இவ்வூரில் 1875 முதல் பென்னிங்டன் நூல்நிலையம் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதன் கதவு திறந்தும் மூடியதே.

இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் பிள்ளையிடம் ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கோபியாமல் கேளுங்கள். அதுவே இச்சங்கத்தின் முதல் வேலையாகட்டும்.