குலுக்கலில் நேர்மை வேண்டும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பெருமை பேசுவதை விட, நான் செய்த ஒரு தப்பைச் சொன்னால் தம்பிகளுக்குப் பயன்படும்.

நம் லேபில் சி மொழியில் தாயக்கட்டை உருட்டும் புரோகிராம் எழுதாதவர் யார்? 'எஸ்ராண்ட்'டுக்கு அப்போதைய நேரத்தைக் கொடு, 'ராண்ட்'டைக் கூப்பிடு, எண் வந்துவிடும். வேலைக்குப் போன இடத்திலும் அதே பழக்கம். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு அனுப்பும் ரகசிய எண்ணை அப்படியே எழுதிவிட்டேன். ஆறு மாதம் ஓடியது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் என் பெயரில் பட்டனை அழுத்தி, "சார், உங்களுக்கு வரப்போற எண் இதுதானே?" என்று தாளில் எழுதிக் காட்டினார். மெயில் வந்தது. அதே எண்! எனக்கு வியர்த்துவிட்டது.

காரணம் எளிது. ஒரே விதைக்கு ஒரே வரிசை; அதுதான் ராண்டின் இலக்கணம். என் விதையோ கடிகாரம். ஒரு நாளைக்கு 86,400 வினாடிதானே? கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் வேலை.

பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசரின் விதை, நேரமும் பிராசஸ் எண்களும்தான் என்று பெர்க்லி மாணவர்கள் கோல்ட்பர்க், வாக்னர் இருவரும் காட்டினார்கள். டெபியன் லினக்ஸில் 2006-ல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் செய்த ஒரு சின்னத் திருத்தத்தால், விதையில் மிஞ்சியது பிராசஸ் எண் மட்டுமே. ஒரு வகைச் சாவிக்குச் சுமார் 32,768 வாய்ப்புகள்தான். 2008-ல்தான் அது வெளியே தெரிந்தது.

அப்படியானால் என்ன செய்வது? சொந்தமாகக் குலுக்காதீர்கள், ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேளுங்கள். லினக்ஸில் 2014 முதல் 'கெட்ராண்டம்' இருக்கிறது. விண்டோஸில் 'பிகிரிப்ட்ஜென்ராண்டம்'. கேட்டத்தனை பைட் வந்ததா என்று கட்டாயம் சரிபாருங்கள். இன்னொன்று: ஒரு பைட்டை 10-ஆல் வகுத்து மீதியை எடுத்தால், 0 முதல் 5 வரை கொஞ்சம் அதிகமாக விழும். 250-ம் அதற்கு மேலும் வந்தால் தள்ளிவிட்டு மறுபடி கேளுங்கள். விளையாட்டுக்கு ராண்ட் போதும், ரகசியத்துக்கு ஆகாது.

அன்றிரவே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். நல்லவேளை, கண்டுபிடித்தது திருடன் இல்லை. அந்தப் பெண் நம் கல்லூரித் தங்கைதான். இதோ மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். தம்பிகளே, சீனியர் எழுதியது என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள்.